காட்டுத்தோட்டத்துக்குத் தண்ணீர்

வாடிப்பட்டி
12.6.2024

அன்புள்ள மீனா அக்காவுக்கு,

ஜோதி எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? குட்டிப்பயலுக்குப் பல் முளைத்துவிட்டதா?

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இங்கே போன் அப்பா சட்டைப்பையில் இருக்கிறது. அங்கே அத்தான் ஸ்பீக்கரில் போட்டுத்தான் உன்னிடம் தருகிறார். நான் சொல்லப்போவது ஸ்பீக்கரில் சொல்கிற விஷயமில்லை. என் கூடப் படிக்கிற கனகாவின் அம்மாதான் தபால் ஆபீசில் இருக்கிறார். நீ கனகா பெயருக்கு எழுது. நான் உன் பக்கத்து வீட்டு ராமக்காள் அக்கா பெயருக்கு எழுதுகிறேன். இப்போது எல்லோரும் தூங்குகிறார்கள். அடுப்படிக் கதவைச் சாத்தி, கதவுக்கு அடியில் வெளிச்சம் போகாமல் சாக்கைப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

நம் கொய்யாத் தோப்பு இப்போது இல்லை. எல்லாவற்றையும் அப்பா வெட்டிவிட்டார். செல்வம் மாமா யோசனை. "மச்சான், மதுரைக்காரய்ங்க கல்யாணப் போட்டோ எடுக்கக் கொடைக்கானல் வரைக்கும் போறாய்ங்க. நம்ம நெலம் நாலுவழிச் சாலை மேல கெடக்கு. கொடைக்கானலை இங்க எறக்கிருவோம்" என்றார். மாமாவுக்கு ஸ்டுடியோ இருப்பதால் அவர் சொன்னால் அப்பா கேட்கிறார். விசிறிவாழை, கல்வாழை, ஆனைக்காது மாதிரி இலை வைத்த சேம்பு, சிவப்புக் கொக்கு மூக்கு மாதிரி பூக்கிற ஹெலிகோனியா, குரோட்டன்ஸ் என்று லாரியில் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. நடுவில் ஆள் நின்றால் காட்டுக்குள் நிற்கிற மாதிரி தெரிய வேண்டுமாம். ஊரில் எல்லோரும் காட்டுத்தோட்டம் என்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அக்கா, நான் மே மாதமே பெரியவளாகிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

தோட்டத்தின் திறப்பு விழாவே என் சடங்குதான் என்று மாமா சொல்லிக்கொண்டு திரிகிறார். ட்ரோன் விடுவாராம். பஸ் ஸ்டாண்டில் பேனர் வைப்பாராம். அதற்கு எனக்குப் பயமில்லை. உனக்குப் பத்தாவது படிக்கும்போது சடங்கு வைத்தார்கள், அதோடு பள்ளிக்கூடம் நின்றது. பரீட்சைகூட நீ எழுதவில்லை. அப்பாவிடம் கேட்டதற்கு, "மூத்தவளுக்கு என்ன மொறையோ அதுதேன் இளையவளுக்கும்" என்று சொல்லிவிட்டார். எனக்கு மார்ச்சில் பத்தாவது பரீட்சை. அதுவரை மறைத்துவிட்டால் போதும்.

முடியுமா அக்கா? பதில் எழுது.

உன் தங்கை,
ஜோதி

*

பேரையூர்
2.7.2024

அன்புத் தங்கை ஜோதிக்கு,

அக்காவின் ஆசிகள். நாங்கள் சுகம். அத்தானின் கடை நன்றாகப் போகிறது. குட்டிக்குக் கீழே இரண்டு பல் வந்திருக்கிறது, எதைக் கொடுத்தாலும் கடிக்கிறான். அப்பாவுக்குக் கால்வலி எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். நீயும் இதைப் படித்ததும் போட்டுவிடு.

முடியும். பள்ளிக்கூடத்தில் நாப்கின் தருகிறார்கள் அல்லவா, அதையே வாங்கிக்கொள். வீட்டில் எதையும் வைக்காதே. அந்த நாட்களில் வயிறு வலித்தாலும் வழக்கமாகச் செய்கிற வேலையைச் செய். திடீரென்று எதையாவது செய்யாமல் விட்டால்தான் கண்ணில் படும். அம்மாவுக்குக் கண் கூர்மை.

நான் படிக்காமல் போனதைப் பற்றி எழுதியிருந்தாய். அதெல்லாம் பழைய கதை. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நீ படி.

அக்கா

*

வாடிப்பட்டி
28.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். குட்டியின் பல்லைப் பற்றி அம்மாவிடம் சொல்ல ஆசையாக இருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்பாள் என்பதால் சொல்லவில்லை.

பதில் சுருக்கமாக இருந்தாலும் வந்ததே போதும்.

கைகள் இரண்டும் வலிக்கின்றன. பேனா பிடிக்க முடியவில்லை. மோட்டார் தண்ணீர் தொட்டியில் விழுகிறது, அங்கிருந்து குடத்தில்தான் எடுத்து ஊற்ற வேண்டும். ஓஸ் போட்டால் பாதி தூரத்திலேயே நின்றுவிடுகிறது. நான், அம்மா, கூலிக்கு வருகிற தங்கப்பொண்ணு அக்கா, அவர் கூட வருகிற முத்துத்தாய் ஆகிய நான்கு பேர்தான் ஊற்றுகிறோம். காலையில் பள்ளிக்கூடம் போகும் முன்பும், வந்த பின்பும். இந்தச் செடிகளெல்லாம் மழை பெய்துகொண்டே இருக்கிற ஊர்ச் செடிகளாம். நம் ஊர் வெயிலில் ஒரு வேளை தவறினால் இலை தொங்கிப்போகிறது. வகுப்பில் கணக்கு டீச்சர் பேசுவது தூரத்தில் கேட்கிறது. தலை தானாக மேசைக்குப் போகிறது.

இப்போது புது வேலை ஒன்று சேர்ந்திருக்கிறது. மாமா வாரம் ஒரு முறை சும்மா போட்டோ எடுத்துப் பார்க்கிறார். இலை மங்கலாகத் தெரிகிறதாம். "எலை மின்னணும்டா ஜோதி. வெளிநாட்டுக் காடு மாதிரி மின்னணும்" என்று தேங்காய் எண்ணெயும் துணியும் தந்திருக்கிறார். பாதையின் இரண்டு பக்கமும் இருக்கிற பெரிய இலைகளை எல்லாம் நான் எண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும். முத்துத்தாய் சிரிக்கிறாள். "எம் மகளுக்குத் தலைக்கு வைக்க எண்ணெய் இல்ல, இங்க சேம்புக்குத் தலை வாருறாய்ங்க."

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். அம்மா அந்த மூன்று நாளும் தோட்டத்துப் பக்கமே போக மாட்டாள். தங்கப்பொண்ணு அக்காவும் முத்துத்தாயும் அப்படித்தான், சொல்லிவிட்டு வேலைக்கு வராமல் இருந்துகொள்வார்கள். தொட்டால் செடி கருகிவிடும் என்று சின்ன வயதிலிருந்து நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் மட்டும் எல்லா நாளும் தொடுகிறேன். தொடாமல் இருந்தால் தெரிந்துவிடும். இந்த மாதமும் தொட்டேன். ஏதாவது ஆகுமா?

ஜோதி

*

வாடிப்பட்டி
1.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கனகாவைத் தினமும் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது.

ஆகிவிட்டது அக்கா. செடி கருகிவிட்டது.

முதலில் ஹெலிகோனியா இலைகளில் ஓரம் பழுத்தது. பிறகு நடுவில் கருப்பாகத் திட்டுத் திட்டாக வந்தது. சேம்பு இலை தீயில் காட்டிய அப்பளம் மாதிரி சுருங்கிவிட்டது. பாதை ஓரம் முழுக்க அப்படித்தான். நான் தொட்ட இலைகள்தான் எல்லாம். ஒவ்வொன்றாக எண்ணெய் வைத்துத் துடைத்தவள் நான்தானே.

நர்சரிக்காரர் வந்து பார்த்துவிட்டு வெயில் என்றார். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "நெழல் வலை போட்டுருக்கேன். வெயிலுன்னா அம்புட்டும் கருகணும்ல? இது தீட்டு. யாரோ சொல்லாம உள்ள வந்துருக்காங்க" என்றார்.

அப்பா எல்லோரையும் களத்தில் நிற்கவைத்துக் கேட்டார். முத்துத்தாய் அழுதுவிட்டாள். தங்கப்பொண்ணு அக்கா மட்டும், "நாங்க ஒதுங்குற நாளு ஒங்க வீட்டு ஆளுகளுக்குத் தெரியும்யா. கூலியை விட்டுட்டுத்தேன் வீட்டுல கெடக்கோம்" என்றார்.

அப்பா அம்மா பக்கம் திரும்பினார். "நீ தொட்டியா?"

அம்மா, "ஆமா. மறந்து போயி தொட்டுட்டேன்" என்றாள்.

அது பொய். அம்மா மறக்க மாட்டாள். அந்த நாட்களில் அவள் கிணற்றடிக் கொட்டகையில் தனியாகச் சாப்பிட்டதை நானே பார்த்தேன், தட்டைக்கூட நான்தான் தள்ளி வைத்தேன். ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா ரோட்டில் போகிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி அவளைத் திட்டினார். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள்.

இனிமேல் தோட்டத்துக்குள் பெண்கள் வரக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மாவும் கூடாது. தங்கப்பொண்ணு அக்காவையும் முத்துத்தாயையும் நிறுத்திவிட்டார்கள். ஆண் ஆள் யாரும் அந்தக் கூலிக்கு வரவில்லை. இப்போது அந்த வேலை முழுக்க யார் செய்வது தெரியுமா? தீட்டில்லாத பிள்ளை நான் ஒருத்திதானாம். நான்தான் செய்கிறேன்.

என்னால்தான் இரண்டு பேருக்கு வேலை போனது. சொல்லவும் முடியவில்லை. தினமும் தூங்கும்போது பயமாக இருக்கிறது. எழுது அக்கா.

ஜோதி

*

பேரையூர்
20.9.2024

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். குட்டிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது, அதனால்தான் தாமதம்.

நீ தொட்டதால் செடி சாகாது. எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே. வேறு ஏதோ காரணம் இருக்கிறது. நீ படிக்கிற பிள்ளை, உற்றுப் பார். எது கருகியிருக்கிறது, எது கருகவில்லை என்று பார்.

அம்மா ஏன் பொய் சொன்னாள் என்று கேட்டிருக்கிறாய். வீட்டில் உன் துணியைத் துவைப்பது யார்? அதை மட்டும் யோசி. அவளிடம் போய் எதையும் கேட்காதே. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்.

உனக்கு எழுதப் பேப்பர் இருக்கும், எனக்கு இங்கே நேரம் இல்லை. விடிவதற்கு முன்பே எழுந்திருக்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதே.

அக்கா

*

வாடிப்பட்டி
24.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

குட்டி இப்போது எப்படி இருக்கிறான்? அத்தான் சுகமா? இங்கே மழை பெய்ததால் ஒரு வாரமாகக் குடம் தூக்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

நீ உற்றுப் பார்க்கச் சொன்னாய். பார்த்தேன். வேலி ஓரம் பின்வரிசையில் இருக்கிற சேம்பும் ஹெலிகோனியாவும் பச்சையாக நின்றன. அதற்கும் நான்தான் தண்ணீர் ஊற்றினேன், எல்லா நாளும் ஊற்றினேன், பழுத்த இலையைக் கையால்தான் கிள்ளினேன். ஒன்றும் ஆகவில்லை. முன்வரிசை மட்டும்தான் கருகியது. ஒரே செடியிலேயே மேல் இலை கருகிக் கீழ் இலை நன்றாக இருந்தது. கேமராவுக்குத் தெரிகிற இலை எல்லாம் போய்விட்டது. தெரியாத இலை எல்லாம் பிழைத்திருக்கிறது.

எண்ணெய் அக்கா. மாமா தந்த தேங்காய் எண்ணெய். நிழல் வலை இருந்தும் அது நம் ஊர் வெயிலில் இலையைப் பொரித்திருக்கிறது.

அன்று தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு மாமா எண்ணெய் தரும்போதெல்லாம் வாங்கிக்கொண்டு, அதை வேலிக்கு வெளியே கொட்டிவிட்டு, வெறும் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தேன். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. மழையும் வந்தது. புதுக் குருத்து விட ஆரம்பித்தது. இப்போது நீ வந்தால் வழி தெரியாது. விசிறிவாழை என் உயரத்துக்கு மேலே போய்விட்டது. கல்வாழை மஞ்சளும் சிவப்புமாகப் பூத்திருக்கிறது. சேம்பு இலைக்கு அடியில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கலாம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஏனென்றால் எல்லோரும் என் கைராசி என்கிறார்கள். அப்பா வருகிறவர்களிடம் எல்லாம், "எம் மக கை பட்டுத்தேன் எந்திரிச்சுச்சு. சுத்தமான கை" என்கிறார். மாமா, "ஜோதி, நீ பெரிய மனுசி ஆகாம இப்படியே இருந்துரு, எனக்குத் தோட்டம் நல்லாருக்கும்" என்று கிண்டல் செய்கிறார். அம்மா அப்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எண்ணெய்தான் காரணம் என்று மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார். "பத்தாவது படிக்கிற சயின்ஸா? நீ தொடைச்ச எண்ணெயிலதான இப்ப பச்சையா இருக்கு" என்றார். எண்ணெயைக் கொட்டிவிட்டேன் என்று சொன்னால் திட்டுவார். அதையும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னால் அம்மா மேல் இருக்கிற பழி போகும், தங்கப்பொண்ணு அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். சொன்னால் என் பள்ளிக்கூடம் போகும். அரையாண்டுப் பரீட்சை வருகிறது. எனக்கு எப்போதும் தூக்கமாகவே இருக்கிறது.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம் என்றாய். கேட்கிறேன். எப்படித் தெரியும்?

ஜோதி

*

பேரையூர்
15.12.2024

அன்புள்ள ஜோதி,

நலமாக இருக்கிறாயா? நான் இருக்கிறேன்.

கேட்காதே என்றேன், கேட்டுவிட்டாய். அம்மாவிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டு இதைப் படி.

அத்தான் கடையை மூடி ஒரு வருடம் ஆகிறது. நான் மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கப் போகிறேன். ராமக்காள் அக்காதான் சேர்த்துவிட்டார். இருட்டிலேயே போய், மொட்டு விரிவதற்குள் பறித்துவிட வேண்டும். மல்லிகைக்குத் தீட்டு ஆகவே ஆகாது என்பார்கள். அந்த நாளில் நிழல் பட்டாலே செடி பட்டுப்போகும் என்பார்கள். வீட்டில் இருந்தால் கூலி கிடையாது. அதனால் யாரும் இருப்பதில்லை. தோட்டத்தில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர். எல்லோரும் மறைத்துக்கொண்டுதான் பறிக்கிறோம். யாரும் யாரிடமும் கேட்பதில்லை. முதல் மாதம் நானும் உன்னைப் போலப் பயந்தேன். மறுநாள் போய் நான் பறித்த செடியையே பார்த்தேன். முதல் நாளைவிட அதிகமாக மொட்டு வைத்திருந்தது.

அந்தப் பூ மதுரை மார்க்கெட்டுக்குப் போகிறது. அங்கிருந்து கோயிலுக்குப் போகிறது. சாமி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

பத்தாவது எழுதியிருந்தால் ஒரு கடையில் கணக்கெழுதவாவது கூப்பிடுவார்கள் என்று சில நாள் தோன்றும். கை நிறையக் கீறலும் பனியுமாக இருக்கும்போது தோன்றும்.

சொல்லவா வேண்டாமா என்று நீ என்னிடம் கேட்காதே. நான் சொல்லாமலே இருந்து பழகியவள்.

அக்கா

*

வாடிப்பட்டி
9.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கைக்கு ஏதாவது மருந்து போடுகிறாயா? நீ எழுதியதை யாரிடமும் சொல்லவில்லை. கடிதத்தையும் எரித்துவிட்டேன்.

நான் சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கப்பொண்ணு அக்கா தோட்டத்துக் கேட்டில் வந்து நின்றார். நான் குடத்தோடு உள்ளே நின்றேன். அப்பாவும் மாமாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"பொங்க வருதுய்யா. ஏதாச்சும் வேலை இருந்தாச் சொல்லுங்க" என்றார்.

"மனசுல வச்சுக்காதக்கா. ஒரு பிள்ளை கை பட்டு இப்பத்தேன் எந்திரிச்சிருக்கு. மறுபடியும் தீட்டுப் பட்டுச்சுன்னா தாங்காது" என்றார் மாமா.

"ஒங்க செடிக்கு அம்புட்டு ரோசமாப்பா?" என்று கேட்டுவிட்டு அவர் திரும்பினார். செருப்பு அறுந்துபோய் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார்.

எப்படி வாய் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. "மாமா, நான் மே மாசமே வயசுக்கு வந்துட்டேன். எல்லா நாளும் நான்தான் தொட்டேன். செடி செத்தது உங்க எண்ணெயில. எண்ணெயைக் கொட்டுனதுக்கப்புறம்தான் தளிர்த்துச்சு" என்றேன். சத்தமாகச் சொன்னேனா மெதுவாகச் சொன்னேனா என்றுகூட நினைவில்லை. தங்கப்பொண்ணு அக்கா அங்கேயே நின்றுவிட்டார்.

மாமா சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். எழுந்துபோய்ச் சேம்பு இலையைத் தடவி விரலை முகர்ந்து பார்த்தார். "கேமராவுல நல்லாத்தான இருந்துச்சு" என்றார்.

அப்பா என் கையிலிருந்த குடத்தைப் பிடுங்கி எறிந்தார். அது கல்லில் பட்டு நசுங்கியது. அடுத்து என்னை அடிக்கப்போகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அம்மா நடுவில் நின்றாள். அவள் தோட்டத்துக்குள் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

"ஒனக்குத் தெரியுமா?" என்று அப்பா கேட்டார்.

"தெரியும்."

"அப்ப நீ தொட்டேன்னு சொன்னது?"

அம்மா, "சரி, தெரிஞ்சுபோச்சு. இனி மொறைப்படி நடப்போம்" என்றாள். "சடங்கு வச்சுத் தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் அவ தோட்டத்துல கால் வைக்கக் கூடாது. கொடத்தைத் தொடக் கூடாது. நாளைக்கே வைக்கலாம்னா இது மார்கழி. தையில தோட்டத்தை அம்புட்டு முகூர்த்தத்துக்கும் அடுத்தவங்களுக்கு விட்டாச்சு, அச்சாரம் வாங்கியாச்சு. மாசியில கோயில் கும்பிடு. பங்குனியில நம்ம வீட்டுல நல்லது செய்யுற பழக்கமில்ல. சித்திரையில வைப்போம்."

"அதுவரைக்கும்?" என்றார் அப்பா.

"அதுவரைக்கும் பகலெல்லாம் வீட்டுக்குள்ள கெடந்தா வீடு பூரா தீட்டு. பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். நானும் தொட்டேன்னு ஒத்துக்கிட்டேன், அதனால நானும் தொட மாட்டேன். நீங்களும் தம்பியும் ஊத்துங்க."

அவ்வளவுதான். என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்று ராத்திரி கிணற்றடிக் கொட்டகையில் எனக்குப் பாய் போட்டு, லைட் மாட்டி, கொசுவத்தி வைத்துவிட்டுப் போனாள். இப்போது அங்கிருந்துதான் எழுதுகிறேன். கதவுக்கு அடியில் சாக்குப் போட வேண்டியதில்லை. ஆனால் அப்பா நடக்கிற சத்தம் கேட்டால் இன்னும் கை தானாக லைட்டை அணைக்கப் போகிறது. அவர் என்னோடு பேசுவதில்லை.

ஜோதி

*

பேரையூர்
6.2.2025

அன்புள்ள ஜோதிக்கு,

சுகமாக இருக்கிறாயா? நன்றாகச் சாப்பிடு. கொட்டகையில் பாம்பு பூச்சி வராமல் பார்த்துக்கொள்.

பொங்கல் சீர் கொண்டு அம்மா வந்தாள். கரும்பும் பானையும் அரிசியும் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். வீடு பூட்டியிருந்திருக்கிறது. ராமக்காள் அக்காவின் மாமியார் என்ன சொல்லி அனுப்பினார்களோ, நேராகப் பூத்தோட்டத்துக்கே வந்துவிட்டாள். நான் மடியில் பூவோடு நிமிர்ந்தபோது வரப்பில் நின்றாள்.

சீரை வரப்பில் இறக்கி வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் பக்கத்து வரிசையில் குனிந்துவிட்டாள். வெயில் ஏறுகிற வரைக்கும் பறித்தாள். என்னைவிட வேகமாகப் பறித்தாள்.

அது எந்த நாள் என்று நான் அவளிடம் கேட்கவில்லை.

பஸ் ஏறும்போது மட்டும், "சின்னவளை விட மாட்டேன்" என்றாள். என்னைப் பார்க்காமல் டிரைவரைப் பார்த்துச் சொன்னாள்.

படி.

அக்கா

*

வாடிப்பட்டி
27.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மா நலம். அப்பாவுக்கு இடுப்பு வலி. நீ, அத்தான், குட்டி எல்லோரும் நலம்தானே? நாளைக்குத் தமிழ்ப் பரீட்சை. படித்து முடித்துவிட்டேன், தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஹால் டிக்கெட்டை அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள். தீட்டு என்று அதை மட்டும் அவள் சொல்லவில்லை.

இங்கே நடப்பதைச் சொன்னால் நம்ப மாட்டாய். அப்பாவும் மாமாவும்தான் தண்ணீர் ஊற்றுகிறார்கள். முதல் வாரம் மாமா வீம்பாக ஊற்றினார். இரண்டாவது வாரம், "மச்சான், எனக்கு ஸ்டுடியோவுல ஆளு வந்துருக்கு" என்று ஓட ஆரம்பித்தார். அப்பா தங்கப்பொண்ணு அக்கா வீட்டுக்கே போய்க் கூப்பிட்டார். "செடிக்குத் தீட்டெல்லாம் ஒண்ணுமில்லத்தா, வா" என்றாராம். அந்த அக்கா சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பு வேலைக்குச் சேர்ந்துவிட்டார். "அங்க மட்டை முடையுறேன், எப்ப ஒதுங்குனேன்னு கேக்க ஆளில்ல. ஒங்க காட்டுக்கு வர மாட்டேன்யா" என்று சொல்லிவிட்டார். முத்துத்தாயும் வரவில்லை. நான் சொன்னது அவர்களுக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. அதை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

தோட்டத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். போன வாரம் மதுரையிலிருந்து ஒரு பெண் சடங்குப் போட்டோவுக்கு வந்தாள். என்னைவிடச் சின்னவள். பட்டுப்புடவையின் எடை தாங்காமல் சேம்பு இலைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டாள். மாமா "சிரிம்மா, சிரிம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வேலிக்கு வெளியே படித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னையும் என் புத்தகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சித்திரையில் எனக்கும் அதே இடம்தான். அதை நான் பொறுத்துக்கொள்வேன். அதற்குப் பிறகு பதினொன்றாவது உண்டா இல்லையா என்று அப்பா வாய் திறக்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. எனக்குப் பரீட்சையைவிட அதுதான் பயமாக இருந்தது.

இன்று சாயங்காலம் வேலிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா தனியாக ஊற்றிக்கொண்டிருந்தார். ஜனவரியிலிருந்து பேசாதவர், குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "இந்த வெசிறிவாழைக்கு எம்புட்டு ஊத்துவ?" என்றார். நான் சொன்னேன். ஹெலிகோனியாவுக்குக் கேட்டார், சொன்னேன். வெயில் காலத்தில் எந்த இலையையும் துடைக்காதீர்கள் என்றேன். ம் என்றார். அப்புறம் வெகுநேரம் ஊற்றிக்கொண்டே இருந்தார். இருட்டிவிட்டது. புத்தகத்தை மூடினேன்.

"பதினொண்ணு, பன்னெண்டு, ரெண்டு வருசமாத்தா?" என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

"ஆமாப்பா."

"அதுக்கும் சாயங்காலம் ஒக்காந்து படிக்கணுமா?"

"ஆமாப்பா."

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தோட்டத்தின் அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார்.

"அப்ப அம்புட்டு நாளும் இதுக்கு நாந்தேன் ஊத்தணுமா?"

அவர் காத்துக்கொண்டு நின்றார்.

"ஆமாப்பா" என்றேன்.

அப்பா குடத்தை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தார்.

நாளைக்கு எழுதிவிட்டு வந்து சொல்கிறேன்.

உன்
ஜோதி